பென்சில் கோடும் பழைய ரூபாய் நோட்டும்



பென்சிலால் எழுதியதை ரப்பரால் அழிப்பது நாம் முதல் வகுப்பிலேயே கற்ற பாடம். இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக் கண்காட்சிக்காகப் பழைய ரூபாய் நோட்டுகளைத் திரட்டத் தொடங்கும் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். வீட்டுப் பெட்டிகளிலிருந்தும், சாமி படத்தின் பின்னாலிருந்தும், பழைய பஞ்சாங்கங்களின் நடுவிலிருந்தும் எங்களுக்குக் கிடைத்த நோட்டுகள் இருபத்து மூன்று. அவற்றில் ஒன்பது நோட்டுகளில் பென்சில் எழுத்து இருந்தது. “அழித்துச் சுத்தமாக்கிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும்” என்று ரப்பரைக் கையில் எடுத்தோம். அதன் பிறகு நாங்கள் கற்றவற்றையும், செய்த ஒரு பிழையையும், செய்யாமல் தப்பிய ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதுகிறோம்.

நோட்டில் பென்சில் எழுத்து வந்தது எப்படி?

எங்களுக்குக் கிடைத்த நோட்டுகளில் பெரும்பாலும் எண்களே இருந்தன. அவையும் நீர்க்குறி தெரியும் வெண்மையான இடத்திலேயே இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் வங்கிகளில் நூறு நோட்டுகளை ஒரு கட்டாக அடுக்கிக் கம்பி ஊசி அடிப்பார்கள். எண்ணி முடித்தவர் கணக்கை மேல் நோட்டின் வெள்ளை இடத்தில் குறித்துவிடுவார். கடைக்காரர்களும் அவ்வாறே செய்தார்கள். பழைய நோட்டுகளில் ஊசித் துளையும் எழுத்தும் சேர்ந்தே காணப்படுவது இதனால்தான்.

இவ்வழக்கத்தை நிறுத்த இந்திய ரிசர்வ் வங்கி ‘தூய நோட்டுக் கொள்கை’யைக் கொண்டுவந்தது. கட்டுகளுக்குக் கம்பி ஊசி அடிக்கக் கூடாது, காகிதப் பட்டையால் கட்ட வேண்டும், நீர்க்குறி உள்ள இடத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நீர்க்குறி, நோட்டு உண்மையானதா என்று பார்ப்பதற்கான அடையாளம். அதன்மேல் எழுதினால் அடையாளம் மறைந்துவிடும் அல்லவா? எழுதப்பட்ட நோட்டு செல்லாது என்று சிலர் சொல்வது தவறு, அது செல்லும். ஆனால் எழுதாமலிருப்பது நம் கடமை.

பென்சில் என்றால் என்ன?

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அன்று. அது கிராஃபைட் என்னும் கரிப்பொருள். நம் ஊருக்குத் தொலைவில் இல்லாத சிவகங்கைப் பகுதியின் மண்ணிலேயே கிராஃபைட் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே அதை வெட்டி எடுக்கிறது. கிராஃபைட்டுடன் களிமண்ணைக் கலந்து சுட்டுக் குச்சியாக்குகிறார்கள். களிமண் மிகுந்தால் பென்சில் கடினமாகும். அதுவே ‘எச்’ வகை. கிராஃபைட் மிகுந்தால் மென்மையாகிக் கருமை கூடும். அது ‘பி’ வகை.

கிராஃபைட்டில் கரி அணுக்கள் சீட்டுக்கட்டைப் போல அடுக்கடுக்காக உள்ளன. எழுதும்போது மேலடுக்குகள் நழுவிக் காகிதத்தின் இழைகளுக்கு இடையே சென்று தங்குகின்றன. மை காகிதத்துக்குள் ஊறுகிறது, கிராஃபைட் ஊறுவதில்லை. மேலே தங்கியிருப்பதால்தான் அதை எடுத்துவிட முடிகிறது.

இங்கே நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கிராஃபைட் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. சலவைத் தூளாலும் அது வெளுக்காது. ஆகவே பென்சில் கறைக்கு எந்தத் திரவமும் மருந்தாகாது. திரவம் நோட்டைக் கெடுக்கும். பென்சில் கோடு அப்படியே இருக்கும்.

பழங்காலத்தில் ரொட்டித் துண்டைக் கொண்டே பென்சில் கோட்டை அழித்தார்கள். மரப்பால் கட்டி அதைவிட நன்றாக அழிக்கிறது என்று 1770-இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதினார். தேய்ப்பது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே ரப்பர் என்ற பெயர் பிறந்தது.

நோட்டுக் காகிதம் வேறு, நோட்டுப் புத்தகக் காகிதம் வேறு

அச்சுக்கூடங்கள் நிறைந்த நம் சிவகாசியில் பிறந்த பெண்களுக்குக் காகிதத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய தொழில்தான் பின்னர் காலண்டர், டைரி என்று வளர்ந்தது. ஆர்ட் பேப்பர், மேப்லித்தோ, லெட்ஜர் என்று கையால் தொட்டே சொல்லக்கூடிய தோழியர் எங்கள் வகுப்பில் பலர் உண்டு.

ஆனால் ரூபாய் நோட்டு இவை எவற்றையும் சேர்ந்தது அன்று. அது பருத்தி இழையால் ஆன காகிதம். சட்டைப்பையில் கிடந்து வியர்வையில் நனைந்தாலும் எளிதில் நைந்து போகாததற்கு அதுவே காரணம். இந்தியாவில் நோட்டு அச்சடிப்பு 1928-இல் நாசிக்கில் தொடங்கியது. இன்று நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு ஊர்களில் நடைபெறுகிறது. பின்னணிக் கோலங்களை நம் ஊரில் உள்ளது போன்ற ஆஃப்செட் முறையில் அடிக்கிறார்கள். உயர்ந்த மதிப்புள்ள நோட்டுகளில் முக்கியமான பகுதிகளைச் செதுக்குத் தகட்டால் அழுத்தி அடிக்கிறார்கள். நூறு ரூபாய் நோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள்; மை மேடாகத் தட்டுப்படும். எண்ணைத் தனியாக அடிக்கிறார்கள்.

எனவே ரப்பர் தேய்க்கும்போது மூன்று பொருள்கள் அதன் வழியில் நிற்கின்றன: மேலே கிராஃபைட், அதன் கீழே மை, அதற்கும் கீழே பருத்தி இழை. நமக்கு வேண்டியது முதலாவதை மட்டும் எடுப்பது. ஆனால் ரப்பருக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது கைதான்.

நாங்கள் செய்த சோதனை

எங்கள் அறிவியல் ஆசிரியை, “முதலில் நோட்டைத் தொடாதீர்கள், வெறும் காகிதத்தில் பழகுங்கள்” என்றார். அச்சகத்தில் வேலை செய்யும் ஒரு தோழியின் தந்தை வெட்டிக் கழித்த காகிதத் துண்டுகளைக் கொடுத்தார். மூன்று வகைக் காகிதங்களில் மூன்று வகைப் பென்சில்களால் கோடிட்டு, மூன்று வகை ரப்பர்களால் அழித்தோம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தவை இவை:

பளபளப்பான ஆர்ட் பேப்பரில் எந்த ரப்பரைத் தேய்த்தாலும் அந்த இடத்தின் பளபளப்பு மாறியது. மேப்லித்தோவில் பத்துத் தடவைக்கு மேல் தேய்த்தபோது பஞ்சு போல இழை எழும்பியது. பென்சிலின் முனையில் பொருத்திய சிவப்பு ரப்பர் மூன்று காகிதங்களையும் கீறியது. நீல நிற ‘மை ரப்பர்’ இன்னும் மோசம். இவற்றில் உராய்வுத் தூள் கலந்திருப்பதே காரணம். வெண்ணிற பிளாஸ்டிக் ரப்பர்தான் குறைந்த கேடு செய்தது.

இன்னொன்றும் கண்டோம். ‘எச்’ பென்சிலால் அழுத்தி எழுதிய கோட்டில் கருமை போன பிறகும் பள்ளம் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது. பள்ளத்தை எந்த ரப்பராலும் எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் காகிதம்தான் மெலியும்.

எங்கள் பிழை

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எங்களில் ஒருத்தி பதறினாள். ஆரியபட்டா செயற்கைக்கோள் படம் போட்ட இரண்டு ரூபாய் நோட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. ஆரியபட்டா விண்ணுக்குச் சென்றது 1975-இல். மறு ஆண்டில் அந்த நோட்டு வெளிவந்தது. 1995-இல் இரண்டு ரூபாய் நோட்டு அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது மடிப்பில்லாத நோட்டு. அதன் ஓரத்தில் ‘47’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. பழகி முடிக்கும் முன்பே, உணவு இடைவேளையில், பென்சில் முனை ரப்பரால் அவள் அதைத் தேய்த்துவிட்டாள். எண் போயிற்று. அதனுடன் சிவப்பு மையும் போய், நகக்கண் அளவுக்கு வெளிறிய திட்டு உண்டாயிற்று. அவள் அழுத அழுகையால் அந்த மை திரும்பவில்லை.

அந்த நோட்டையும் நாங்கள் கண்காட்சியில் வைத்தோம். “இது எங்கள் தவறு” என்று அதன் கீழ் அட்டையில் எழுதி வைத்தோம். பார்வையாளர்கள் அதிக நேரம் நின்று பார்த்த நோட்டுகளில் அதுவும் ஒன்று.

சரியான முறை

1. முதலில் பாருங்கள். பூதக்கண்ணாடியால் நோட்டு முழுவதையும் பாருங்கள். கிராஃபைட் வெள்ளி போல மினுங்கும். ஊதா நிறம் தெரிந்தால் அது காப்பியிங் பென்சிலாக இருக்கலாம். அதில் சாயம் கலந்திருக்கும். சிறிது ஈரம் பட்டாலும் ஊதா நிறமாகப் பரவிவிடும். அதைத் தொடவே கூடாது.

2. கையை சோப்பால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய் தேய்த்த தலையைத் தொட்ட கை நோட்டுக்கு ஆகாது.

3. சுத்தமான கண்ணாடிப் பலகையின் மேல் நோட்டை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

4. மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியை நீக்குங்கள். தூசியின் மேல் ரப்பரைத் தேய்த்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும்.

5. வெண்ணிற பிளாஸ்டிக் ரப்பரைச் சீவி மாவு போலத் தூளாக்குங்கள். தூளைக் கோட்டின் மேல் தூவி, விரல் நுனியால் எடையே கொடுக்காமல் சிறு வட்டமாக உருட்டுங்கள். தூள் கறுத்ததும் தூரிகையால் தள்ளிவிடுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் பிசையும் ரப்பர் கிடைத்தால், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கலாம்.

6. இன்னும் எழுத்து இருந்தால் ரப்பரின் கூரான முனையால் மூன்று நான்கு முறை, ஒரே திசையில், உள்ளிருந்து விளிம்பை நோக்கி மெல்ல இழுங்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்தால் நோட்டு மடங்கிக் கிழியும். மறு கையின் இரு விரல்கள் எழுத்துக்கு அருகிலேயே நோட்டைப் பிடித்திருக்கட்டும்.

7. ஒவ்வொரு முறையும் ரப்பரின் முனையைப் பாருங்கள். கறுப்பு வந்தால் தொடரலாம். நோட்டின் நிறம் ரப்பரில் தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

8. அச்சு இல்லாத வெண்மையான இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். அச்சின் மேல் உள்ள பென்சில் கோட்டை விட்டுவிடுவதே அறிவு.

9. ரப்பர் தூள் ஒன்றுகூட நோட்டில் தங்காமல் துடைத்துவிடுங்கள். அதில் உள்ள எண்ணெய்ப்பசை நாளடைவில் கறையாகும்.

ரொட்டித் துண்டு வேண்டாம். அதன் மாவுச்சத்து ராமபாணப் பூச்சியை அழைத்துவரும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். மடிப்பு நேராகும், ஆனால் மேடான மை தட்டையாகிவிடும். சேமிப்பாளர்கள் கழுவிய நோட்டையும் தேய்த்த நோட்டையும் கண்டவுடன் ஒதுக்குவார்கள். வெளிநாடுகளில் நோட்டுக்கு 1 முதல் 70 வரை தர எண் இடும் நிறுவனங்கள் உள்ளன. அவை பென்சில் எழுத்தைக் குறையாகக் குறிப்பதைப் போலவே, அழித்த தடத்தையும் குறையாகக் குறிக்கின்றன. ஆகவே அரைகுறையாக அழித்த நோட்டுக்கு இரு வகையிலும் இழப்புதான். அழித்த நோட்டை மற்றவருக்குக் கொடுக்கும்போது, “இதில் எழுத்து இருந்தது, நாங்கள் அழித்தோம்” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

சேமிக்கும் தோழியருக்கு ஒரு சட்டச் செய்தி: 2016-இல் மதிப்பிழந்த ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பொதுவாகப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஓர் அம்மாச்சியின் ஒரு ரூபாய்

இம்முறையில் பழகி, வங்கிக் கணக்கு எழுதிய நான்கு நோட்டுகளை நாங்கள் நன்றாகவே சுத்தம் செய்தோம். ஐந்தாவதாக எடுத்தது ஒரு தோழி தன் அம்மாச்சியின் தகரப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு ரூபாய் நோட்டு. அதன் பின்புறம் அச்சிட்ட நாணயப் படத்தில் 1966 என்ற ஆண்டு இருந்தது. வெண்மையான இடத்தில் ஏதோ கிறுக்கல். பழைய நோட்டு வாங்கும் வியாபாரி ஒருவர், “இந்தக் கிறுக்கல் இல்லாவிட்டால் கூடுதலாகத் தரலாம்” என்று சொல்லியிருந்தார். தோழியும் அழிக்கச் சொன்னாள். ரப்பர் தூளைச் சீவி வைத்துவிட்டோம்.

முதல் விதிப்படி பூதக்கண்ணாடியை வைத்தோம். அது கிறுக்கல் அன்று. நான்கு தமிழ் எழுத்துகள். மூன்றாம் எழுத்து இடவலம் மாறியிருந்தது. கூட்டிப் படித்த தோழி, “இது எங்க அம்மாச்சி பேருல்ல!” என்றாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றோம். அம்மாச்சி நோட்டைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்:

“நான் பள்ளிக்கூடம் போகலத்தா. தீப்பெட்டி ஒட்டுனேன். தம்பி போனான். ராத்திரி சிம்னி வெளக்குல அவன்தான் என் பேர எழுதச் சொல்லிக் குடுத்தான். ஒரு சனிக்கிழமை சம்பளத்துல, இது ஒனக்குன்னு ஆத்தா இந்த ரூவாயக் குடுத்துச்சு. தம்பி எடுத்துக்கிருவான்னு அவன் பென்சிலாலயே என் பேர எழுதி வச்சேன். நான் மொதமொத எழுதுன எழுத்து அதுதான். அத அழிச்சிராதீகத்தா.”

“அதற்கப்புறம் எழுதினீங்களா அம்மாச்சி?” என்று கேட்டோம்.

“வேற எதுவும் எழுத வராது. ஆனா பேங்குல இன்னைக்கு வரைக்கும் நான் கைநாட்டு வச்சதில்ல. கையெழுத்துத்தான்” என்றார்கள்.

நாங்கள் எதுவும் பேசவில்லை. எங்கள் கையில் இருந்த ரப்பர் தூள் இரண்டு நிமிடத்தில் அதை இல்லாமல் செய்திருக்கும். அதுவும் சரியான முறையில், காகிதம் சிறிதும் கெடாமல்!

அழிக்கும் முன் கேட்க வேண்டியவை

இரண்டாம் உலகப் போரின்போது போர்வீரர்கள் ஒருவருக்கொருவர் ரூபாய் நோட்டிலும் பிற நாட்டு நோட்டுகளிலும் கையெழுத்திட்டு நினைவாக வைத்துக்கொண்டார்கள். இன்று அத்தகைய நோட்டுகளில் சேமிப்பாளர்கள் தேடுவதே அந்த எழுத்தைத்தான். ஆகவே எழுத்தெல்லாம் அழுக்கு என்று எண்ணுவது பிழை. எல்லாம் வரலாறு என்பதும் பிழை. வங்கியில் எண்ணியவர் குறித்த ‘100’ வேறு. ஒரு சிறுமி எழுதிய முதல் பெயர் வேறு. இரண்டும் கிராஃபைட்தான், ரப்பருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே ரப்பரை எடுக்கும் முன் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். இது யார் எழுதியது, எதற்காக? காகிதத்துக்கும் மைக்கும் கேடு இல்லாமல் எடுக்க முடியுமா? எடுத்தபின் மனம் மாறினால் திரும்ப வைக்க முடியுமா? மூன்றாம் கேள்விக்கு விடை எப்போதும் “முடியாது” என்பதே. அதனால்தான் முதல் இரண்டையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் காத்திருப்போம். பென்சில் எழுத்து இன்று போகாவிட்டால் நாளையும் போகும். போனது நாளை வராது.

காகிதத்தைப் பாதுகாக்கும் அறிஞர்களே பென்சிலைத்தான் நம்புகிறார்கள் என்பது வியப்பான செய்தி. ஆவணக் காப்பகங்கள் பலவற்றில் படிக்கச் செல்வோர் பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலுடன் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். அது மை போல ஊறுவதில்லை. ஆண்டுகள் பல ஆனாலும் மங்குவதில்லை. வேண்டுமானால் நீக்கவும் முடியும்.

அம்மாச்சியின் ஒரு ரூபாய் நோட்டை, பி.வி.சி. கலவாத தெளிவான பாலியெஸ்டர் உறையில் இட்டுக் கண்காட்சியின் நடுவில் வைத்தோம். எழுத்து தெரியும்படி அருகில் பூதக்கண்ணாடியையும் வைத்தோம். விற்பனைக்கு அன்று. கண்காட்சிக்கு வந்த அம்மாச்சி, பார்வையாளர் பதிவேட்டில் பேனாவை மெல்லப் பிடித்துத் தம் பெயரை எழுதினார்கள். மூன்றாம் எழுத்து இப்போது நேராக இருந்தது.

– நாணயச் சேமிப்புக் குழு மாணவியர்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு